ஆறு ஆமைப் படங்கள்: வாங்குவதற்கு முன் நகத்தை எண்ணுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போன வருஷம் அவருடைய மருமகள் கிளினிக்கை எடுத்துக்கொண்டார். வந்ததும் சுவருக்குச் சாயம் அடித்தார்கள். சொத்தைப் பல், ஈறு வீக்கம், பற்பசை விளம்பரம் என்று மாட்டியிருந்த படங்களையெல்லாம் கழற்றி லோரியில் ஏற்றியாகிவிட்டது. அதற்கப்புறம் மூன்று மாதம் வெறும் சுவர்.

"அக்கா, நீங்களே ஏதாவது பாத்து வாங்குங்க. பல்லு படம் மட்டும் வேணாம். வர்றவங்க ஏற்கெனவே பயந்துபோய்தான் வர்றாங்க" என்றார் டாக்டர். கையில் கொடுத்தது ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்), சட்டம் போடுவதையும் சேர்த்து.

பூ, மலை, அருவி என்று இணையக் கடைகளில் நாலைந்து நாள் தேடிக்கொண்டிருந்தபோது இந்த ஆமைகள் கண்ணில் பட்டன. பழைய அறிவியல் புத்தகங்களில் வந்த ஓவியங்களின் மறுபதிப்பு, ஏ3 அளவு, ஆறு படம் 168 வெள்ளி, தபாலுக்கு எட்டு. எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: ஆமைக்குப் பல் கிடையாது. கிளி மாதிரி கொம்பாலான அலகுதான். பல் கிளினிக் சுவரில் மாட்ட இதைவிடப் பொருத்தமான மிருகம் எது? டாக்டரிடம் சொன்னேன், சிரித்துவிட்டுச் சரி என்றார்.

பொட்டலம் வீட்டு முகவரிக்கு வந்ததுதான் நான் செய்த தவறு. உருளையான அட்டைக் குழாய். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பெரிய ஆமைப் படம். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு சொல்லுவாங்க. நீ காசு குடுத்து வரவழைச்சிருக்கியே" என்றார். எல்பில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு அமீனாவை அவர் பார்த்தே இருக்க மாட்டார், ஆனால் பழமொழி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. குழாய் இரண்டு ராத்திரி செருப்பு அலமாரி மேலேயே கிடந்தது. திங்கட்கிழமை கிளினிக்கில்தான் பிரித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காகிதம் அருமை. பளபளப்பு இல்லை, விரலால் தடவினால் லேசான சொரசொரப்பு, ஓரம் சுருளவில்லை. குழாயிலிருந்து எடுத்து ஒரு பகல் கனமான பதிவேடுகளுக்கு அடியில் வைத்தேன், தட்டையாகிவிட்டது. நிறமும் கண்ணை உறுத்தவில்லை. பழைய படம் என்று காட்டுவதற்காகச் சிலர் தேத்தண்ணீரில் முக்கிய மாதிரி மஞ்சள் பூசிவிடுவார்கள். இவர்கள் அதைச் செய்யவில்லை. மூலப் புத்தகத்தின் பக்கத்தில் இருந்த பழுப்புப் புள்ளிகள் இரண்டு மூன்று அப்படியே இருக்கின்றன, அது பரவாயில்லை.

மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் டாக்டருடைய உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைப் பார்த்தேன். பல்லில் உள்ள ஓட்டையைப் பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி, ஆமை ஓட்டை விடுமா? முதல் படம் மடகாஸ்கரின் கதிர் ஆமை. மேடு தட்டிய ஓடு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரிகின்றன. கோட்டுக்குக் குறுக்கே வளையம் வளையமாக வளர்ச்சி வரிகள். அந்த வரிகள் பேனாக் கோடு மாதிரி ஒரே சீராக இல்லை, மெழுகுக் கட்டியால் சொரசொரப்பான சுவரில் கிறுக்கினால் எப்படி விட்டு விட்டு விழுமோ அப்படி இருக்கின்றன. மஞ்சள் சாயம் ஓரிடத்தில் கோட்டைத் தாண்டி மயிரிழை அளவு வழிந்திருக்கிறது. யாரோ ஒருவர் தூரிகையைப் பிடித்துப் பூசியபோது வழிந்தது அது. இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான வழிசல்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் படம் கல்லச்சு. சமமாகத் தேய்த்து லேசான சொரசொரப்பு விட்ட சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்த்த கட்டியால் வரைவார்கள். கல்லை ஈரமாக்கிவிட்டு எண்ணெய் மையை உருட்டினால், ஈரம் உள்ள இடத்தில் மை ஒட்டாது, கொழுப்புக் கோட்டில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் கறுப்புப் படம் கிடைக்கும். நிறம் அப்புறம் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாகக் கையால் பூசுவது. கல்லில் வரைந்தது காகிதத்தில் இடம் வலம் மாறி விழும். ஆமையின் ஓட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், எப்படித் திருப்பினாலும் கண்டுபிடிக்க முடியாது. நத்தையை அப்படி அச்சடித்தால் சுருள் எதிர்ப்பக்கம் போய்விடும், வேறு நத்தையாகிவிடும். எங்கள் ஊரின் பெயரே நத்தை ஆறு என்பதால் இது எனக்கு மட்டும் பெரிய விஷயமாகத் தெரிகிறதோ என்னவோ.

இந்த ஆறில் மூன்று, தாமஸ் பெல் என்பவர் 1832இல் தொடங்கிய ஆமை நூலுக்காகச் செய்தவை. பெல் யார் தெரியுமா? லண்டன் கைஸ் மருத்துவமனையின் பல் மருத்துவர்! 1817இலிருந்து 1861 வரை அங்கே பல் பார்த்தவர், பல் நோய்களைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். நாளெல்லாம் பல்லைப் பார்த்த மனுஷன் மிச்ச நேரத்தைப் பல்லில்லாத பிராணிக்குக் கொடுத்திருக்கிறார். இதைப் படித்த அன்றைக்கு டாக்டர் அறைக்குள் ஓடிப்போய்ச் சொன்னேன், உள்ளே நோயாளி வாயைத் திறந்தபடி இருந்தது எனக்கு ஞாபகமே இல்லை. 1858இல் பரிணாமம் பற்றிய டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகள் லண்டனில் இயற்கை ஆய்வாளர்களின் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டபோது சங்கத்தின் தலைவர் இவர்தான். அந்த ஆண்டில் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி கண்டுபிடிப்பு எதுவும் நடக்கவில்லை என்று பின்னால் பேசி மாட்டிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான், வந்துபோனது யார் என்று ஆள் போன பிறகுதான் உறைக்கும்.

பெல்லின் நூல் முடியவில்லை. பதிப்பாளர் நொடித்துப்போனதால் 1836இல் பாதியில் நின்றுவிட்டது. அச்சடித்த படங்கள் பல வருஷம் கிடந்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே எழுதிய குறிப்புகளோடு 1872இல் மறுபடி புத்தகமாயின. சுமார் அறுபது படங்கள். ஆமைகளைப் பார்த்து வரைந்தவர் ஜேம்ஸ் டி கார்ல் சோவர்பி. அந்தச் சித்திரங்களைக் கல்லுக்கு மாற்றியவர் எட்வர்ட் லியர், பின்னாளில் வேடிக்கைப் பாட்டுகளால் பேர் வாங்கிய அதே லியர்.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் கடைக்காரர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். ஆறிலும் ஒரே வரி: 'எட்வர்ட் லியர், 1872'.

சரி, மூன்று படத்துக்கு அது பாதி உண்மை. லியர் அந்தக் கற்களில் வேலை செய்தபோது இருபதைத் தாண்டிய இளைஞர். 1872இல் அவருக்கு அறுபது வயது. புத்தகம் வந்த ஆண்டைப் படம் வரைந்த ஆண்டாக்கிவிட்டார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். உயிருள்ள ஆமையைப் பார்த்துப் பார்த்து வரைந்த சோவர்பியின் பெயர் எங்கேயும் இல்லை. அவர் 1871இல், அந்தப் புத்தகம் கடைக்கு வருவதற்கு முந்தைய வருஷம் இறந்துபோனார். நூற்றைம்பது வருஷம் கழித்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஸ்டிக்கரிலாவது அவர் பெயர் வந்திருக்கலாம். மூலப் படங்களின் அடியில் வரைந்தவர் பெயரும் கல்லில் ஏற்றியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். படம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டார்கள்.

மற்ற மூன்று படங்களுக்கும் லியருக்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்று நட்சத்திர ஆமை. இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற அந்த அழகான நில ஆமை. இது ஜெர்மானியரான ஷோப்ஃப் எர்லாங்கன் நகரிலிருந்து 1792க்கும் 1801க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளியிட்ட ஆமை நூலில் வந்த படம். இந்த இனத்துக்கு 1795இல் அறிவியல் பெயர் வைத்தவரும் அவர்தான். லியர் பிறந்தது 1812இல்! இன்னொன்று ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கலுடைய படத்தொகுப்பில் எண்பத்தொன்பதாம் படம். அந்தத் தொகுப்பு வந்தது 1899க்கும் 1904க்கும் இடையில், லியர் இறந்தது 1888இல். பிறப்பதற்கு முன்னால் ஒன்று, செத்த பிறகு ஒன்று.

ஹேக்கலின் படம் எனக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பல ஜாதி ஆமைகளைக் கோலம் போட்ட மாதிரி ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கிறார். அதில் திரங்கானு ரந்தாவ் அபாங் கரைக்கு ஒரு காலத்தில் கூட்டமாக வந்துகொண்டிருந்த தோல் முதுகு ஆமையும் உண்டு. முதுகில் நீளவாட்டில் ஏழு மேடு. தமிழ்நாட்டு மீனவர்கள் இதற்கு ஏழுவரி ஆமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்து வைத்த பெயர்.

எண்ணுவது என்றதும் ஆறாவது படம்.

இதுதான் என்னை இந்த விமர்சனம் எழுத வைத்தது. ஸ்டிக்கரில் லியர் பெயருக்குக் கீழே 'பேராக் ஆற்று துந்தோங்' என்று கூடுதலாக ஒரு வரி. துந்தோங் என்பது இங்குள்ள பெரிய ஆற்று ஆமை. பேராக்கில் வாங்குகிறவர்களைப் பிடிக்க எழுதியது. நானும் அதற்காகவேதான் வாங்கினேன், பொய் சொல்வானேன். என் அப்பா பேராக் ஆற்றில் தூண்டில் போடப் போவார். மணல்மேட்டில் துந்தோங் முட்டை தோண்டுகிறவர்களைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போத்தா கானானில் வனவிலங்குத் துறை அதை முட்டையிலிருந்து வளர்க்கும் நிலையத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பேருந்தில் கூட்டிப்போயிருக்கிறார்கள். தொட்டியில் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய ஆமைகள். மூக்கு மட்டும் கொஞ்சம் மேலே தூக்கி, நம்மைக் கண்டுகொள்ளாமல் நீந்தும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் ஆமை கன்னங்கறுப்பாக மாறிவிடும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

துந்தோங்குக்கு ஓர் அடையாளம் உண்டு. முன்னங்காலில் நான்கு நகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த தியோடர் காண்டர் என்ற டேனிஷ்காரர் 1847இல் பினாங்கு ஆமையைப் பார்த்து இதற்கு வைத்த பெயர் 'டெட்ராஓனிக்ஸ் அஃபினிஸ்'. டெட்ரா என்றால் நான்கு, ஓனிக்ஸ் என்றால் நகம். அதாவது பெயரிலேயே நகத்தை எண்ணி வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினேன். முன்னங்காலில் ஐந்து. இன்னொரு தடவை எண்ணினேன், ஐந்து. பின்னங்காலில்தான் நான்கு. அப்புறம் படத்தையே உற்றுப் பார்த்தால் இது கல்லச்சே இல்லை. செப்புத் தகட்டில் செதுக்கிய கோடுகள், வலை பின்னிய மாதிரி குறுக்கும் நெடுக்கும், ஒவ்வொன்றும் ஊசிமுனை. சாயம் பூசப்படவில்லை. இரண்டு ராத்திரி தேடியதில் கிடைத்தது: லுட்விக் போயானுஸ், வில்னியஸ் நகரம், 1819 முதல் 1821 வரை. ஐரோப்பியக் குளத்து ஆமை என்ற ஒரே ஓர் இனத்தின் உடற்கூற்றை மட்டும் ஒரு முழு நூலாகப் போட்டவர். எலும்பு, தசை, நரம்பு, குடல் என்று அக்குவேறு ஆணிவேறாக, படங்களையும் தானே வரைந்தார். குளத்து ஆமைக்கு முன்னங்காலில் ஐந்து நகம், பின்னங்காலில் நான்கு. கணக்குச் சரியாக இருக்கிறது. ஆக, லித்துவேனியாவில் உட்கார்ந்து ஒருவர் கண் போக வரைந்த ஆமைக்குப் பேராக் அடையாள அட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

படமாகப் பார்த்தால் ஆறிலும் இதுதான் சிறந்தது. அதுதான் எரிச்சல்.

மூன்றாவது படத்தையும் எண்ணிவிட்டேன், விடவில்லை. அது மெல்லோட்டு ஆமை, மலாயில் லாபி லாபி. ஓட்டில் கட்டமே இல்லாமல் தோல் போர்த்தின மாதிரி, மூக்கு சின்னக் குழாய். மூன்று நகம். அதன் பழைய பெயர் 'டிரையோனிக்ஸ்', மூன்று நகம் என்றே பொருள். சோவர்பி சரியாக மூன்றுதான் போட்டிருக்கிறார். மனுஷன் எண்ணியிருக்கிறார்.

சட்டம் போட ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள சீனர் கடைக்குக் கொண்டுபோனேன். கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், முருகன் படம், எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் ஊரே போகிறது. தவுக்கே, அதாவது கடை முதலாளி, படங்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, இது கூரா கூரா, இது பென்யு, இது லாபி லாபி என்று மலாயில் பிரித்துவிட்டார். நாம் எல்லாவற்றையும் ஆமை என்று சொல்லி முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறோம், அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். லாபி லாபியிடம் வந்ததும் கொஞ்சம் நின்று, அவருடைய அம்மா வைக்கும் சூப்பைப் பற்றிச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

வேலை சுத்தம். படத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அட்டை, அப்புறம் மெல்லிய கருப்புச் சட்டம். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இடைவெளி விட வேண்டும் என்று நான் கேட்காமலேயே செய்தார். நம் ஊர் ஈரத்துக்கு அது முக்கியம், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்துவிடும். படத்துக்கு 38, மொத்தம் 228 வெள்ளி. படத்தைவிடச் சட்டம் அதிகம். இருபது வெள்ளி நோட்டாகவே எண்ணிக் கொடுத்தேன். ஒரு நோட்டைத் திருப்பிக் காட்டினார் தவுக்கே. பின்பக்கம் இரண்டு கடலாமைகள். "பதினொரு நோட்டு, இருபத்திரண்டு ஆமை குடுத்து ஆறு ஆமை வாங்கிட்டுப் போறே" என்று மலாயில் சிரித்தார். மிச்ச எட்டு வெள்ளிக்கு ஆமை இல்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். இந்தப் பழைய புத்தகங்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் பக்கம் பக்கமாக வருடி வைத்திருக்கிறார்கள், காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அப்படியென்றால் கடைக்காரருக்கு எதற்கு 168 வெள்ளி? நட்சத்திர ஆமையை நானே இறக்கி, இங்கே ஒரு புகைப்படக் கடையில் ஏ3 அளவில் அச்சடித்தேன், பன்னிரண்டு வெள்ளி. வந்தது பளபளப்புத் தாள். குழல் விளக்கின் வெள்ளைக் கோடு ஆமை முதுகில் குறுக்கே விழுகிறது, மஞ்சள் நிறம் ஐஸ் கச்சாங் மேல் ஊற்றுகிற பாகு மாதிரி இருக்கிறது. மங்கல் தாள் இல்லையாம். ஆக, நீங்கள் கொடுக்கும் காசு காகிதத்துக்கும் மைக்கும் நிறத்தைச் சரியாக நிறுத்திய கைக்கும்தான். அதற்குப் படம் ஒன்றுக்கு 28 வெள்ளி நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஈப்போவில் நல்ல தாளில் அச்சடிக்கும் ஆள் தெரிந்தவர்கள் கோப்பை இறக்கிக்கொண்டு அங்கேயே போகலாம். பெயரும் ஓரமும் வெட்டுப்படாமல் கிடைக்கும்.

படங்கள் இப்போது காத்திருக்கும் அறையில் இருக்கின்றன. மேற்குப் பார்த்த கதவுப் பக்கம் மாட்டியிருந்த கதிர் ஆமையை மட்டும் உள்ளே மாற்றிவிட்டேன், மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் வந்தால் நகத்தை எண்ணச் சொல்கிறேன். ஊசிக்குப் பயந்து அழுகிற பையன்கூட மூன்றா நான்கா என்று சண்டை போட ஆரம்பித்துவிடுகிறான். டாமாய் தாமானிலிருந்து செயற்கைப் பல் கட்ட வரும் பாட்டி ஒருவர் ஹேக்கல் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுங்களுக்கும் என்னை மாதிரிதான்" என்றார். மாமியார் மட்டும் போன மாதம் பல் சுத்தம் செய்ய வந்தபோது சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மதிப்பெண் கேட்டால் அச்சுக்கு ஐந்துக்கு நாலரை, பொதிகட்டலுக்கு ஐந்து, ஸ்டிக்கருக்குச் சுழியம்.

கடைக்காரருக்கு ஆண்டு, பெயர், நகக் கணக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, படத்தின் நெருக்கப் புகைப்படத்தோடு அனுப்பினேன். முக்கியமாகச் சோவர்பியைப் பற்றி நாலு வரி. மறுநாளே பதில் வந்தது: "ஓகே சிஸ், சாரி சிஸ், புது ஸ்டிக்கர் அனுப்புறோம்." தபால் செலவு கேட்கவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். ஒன்பதாம் நாள் உறை வந்தது. உள்ளே ஆறு ஸ்டிக்கர், நல்ல தெளிவான எழுத்து. ஆறிலும் 'ஜேம்ஸ் டி கார்ல் சோவர்பி, 1872'.